இருபத்து நான்காம் பாடத்தில் ஒரு கட்டம்

நாகலூர், ஏற்காடு
12.06.2023

மதிப்பிற்குரிய திருத்துநர் அவர்களுக்கு,

வணக்கம். கிழக்குவாசல் அஞ்சல் வேதபாடத்தின் முதல் விடைத்தாளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சேர்க்கைப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'எஸ்டேட் ரைட்டர், ஓய்வு' என்று எழுதியிருக்கிறேன். நான் நூல் எதுவும் எழுதியவன் அல்ல. காலையில் காப்பித் தோட்டத்து ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் வாசித்து, வந்தவர்களுக்கு டிக் போடுகிறவன். முப்பத்தாறு வருஷம் அதைச் செய்தேன்.

முதல் பாடத்தில் பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனத்தை எடுத்து எழுதினால் போதும் என்கிறது குறிப்பு. எந்த வசனம் என்பதையும் நீங்களே பக்கத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். ஆகவே என்னிடம் எதைச் சோதிக்கிறீர்கள் என்று விளங்கவில்லை. கையெழுத்தாக இருக்கலாம். நான் அந்தந்த வசனத்துக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடக்கிறது என்று படித்துவிட்டு எழுதினேன். கொடுத்த கோடு போதவில்லை. நான்கு தாள் சேர்த்திருக்கிறேன்.

'படிப்பதன் நோக்கம்' என்ற கேள்விக்கு மூன்று விடைகள் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறீர்கள்: சமாதானம், நித்திய ஜீவன், இரண்டும். என் நோக்கம் இந்த மூன்றிலும் இல்லாததால் காலியாக விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
செங்கோடன்


கிழக்குவாசல் அஞ்சல் வேதபாட நிலையம், திருச்சி
01.07.2023

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரர்/சகோதரி செங்கோடன் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். முதல் பாடத்தை வெற்றிகரமாக முடித்த உங்களை மனமார வாழ்த்துகிறோம். உங்கள் மதிப்பெண்: 38/100.

மேலே உள்ளது அச்சடித்த கடிதம். 'வெற்றிகரமாக' என்பது எல்லோருக்கும் பொது. கீழே உள்ளது என் கையெழுத்து.

சகோதரரே, என்னிடம் விடைக்குறிப்புப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அதில் உள்ளது உங்கள் தாளில் இருந்தால் மதிப்பெண். உங்கள் தாளில் அதற்கு மேல் இருப்பதற்கு மதிப்பெண் இல்லை. நாளொன்றுக்கு நாற்பது தாள் திருத்துகிறேன். நான்கு தாள் சேர்த்தால் மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் நேரம் குறையும். அன்புகூர்ந்து வசனத்தை மட்டும் எழுதவும்.

நோக்கத்தை நிரப்பாமல் இரண்டாம் பாடம் அனுப்பக் கூடாது என்பது விதி. மூன்றில் ஒன்றைக் குறித்துவிடுங்கள். பெரும்பாலோர் 'இரண்டும்' என்று குறிப்பார்கள்.

கர்த்தருடைய பணியில்,
த. லாசர், திருத்துநர்


நாகலூர்
15.07.2023

லாசர் ஐயாவுக்கு,

வணக்கம். நோக்கத்தை எழுதுகிறேன். கட்டத்துக்குள் அடங்காது.

என் மனைவி அம்மணி எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவள். கடைசி ஆறு வருஷம் பக்கத்துச் சபைக்குப் போனாள். ஞானஸ்நானமும் எடுத்துக்கொண்டாள். நான் தடுக்கவில்லை, கூடப் போகவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கேட் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு எதிர்த்த டீக்கடையில் பேப்பர் படிப்பேன். பாட்டு நின்றால் அவள் வருவாள். இரண்டரை வருஷத்துக்கு முன் காலமானாள். சபையின் கல்லறைத் தோட்டத்தில் கடைசி வரிசையில் அடக்கம் செய்தார்கள்.

போவதற்கு முதல் நாள் சொன்னாள்: "நான் முன்னால போயி வரிசையில நிக்கறனுங்க. நீங்க லேட்டானாலும் பரவால்லீங்க. பக்கத்துல வந்துருங்க." சரி என்றேன். லேட் என்ற சொல்லை அவள் சும்மா சொல்லவில்லை. அதைப் பிறகு எழுதுகிறேன்.

அந்த வரிசையில் அவளுக்குப் பக்கத்தில் ஒரே ஓர் இடம் பாக்கி. அதற்கப்புறம் மதில். தோட்டத்தில் வேறெங்கும் இடம் இல்லை. சபையில் சேராதவனுக்கு அங்கே இடம் கிடையாது. சேர வேண்டுமானால் ஞானஸ்நானம். ஞானஸ்நானத்துக்கு உங்கள் பாடம் இருபத்து நான்கையும் முடித்த சான்றிதழ். முன்பு யாரோ ஒருவர் பள்ளிக்கூடத்தில் சீட்டு வாங்குவதற்காக முங்கி எழுந்துவிட்டுப் போய்விட்டாராம். அதிலிருந்து கமிட்டி விசுவாசத்தை அஞ்சலில் அளக்கிறது.

போதகர் ஜெயபிரகாஷ் இளைஞர், நல்லவர். "ஐயா, நானா இருந்தா இன்னிக்கே குடுத்துருவனுங்க. கமிட்டி எழுதி வச்சுட்டாங்க" என்றார்.

இடத்தை முன்கூட்டி எழுதி வைப்பதில்லை. முதலில் வருகிறவருக்கு. சபையில் அடுத்துப் போகிற நிலையில் இருக்கிறவர் பெரியண்ணன். என்னைவிட மூன்று வயது மூத்தவர், எஸ்டேட் லாரி டிரைவராக இருந்தவர். நாற்பது வருஷ உறுப்பினர். வேதத்தைத் திறந்ததில்லை, ஆனால் கிறிஸ்துமஸ் விருந்துக்குத் தவறியதில்லை. மூச்சிரைப்பு இருக்கிறது. ஆக, அவருக்கு முன்னால் நான் இருபத்து நான்கு பாடத்தையும் முடித்து, முங்கி, செத்துப்போக வேண்டும். இதுதான் நோக்கம்.

வேதத்தில் உங்கள் பெயர்க்காரர் செத்து நாலாம் நாள் கல்லறையை விட்டு வெளியே வந்தவர் என்று படித்தேன். நான் உள்ளே போக வழி கேட்கிறேன். தயவு காட்டவும்.

செங்கோடன்


திருச்சி
09.08.2023

அன்பான சகோதரர் செங்கோடன் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் நோக்கத்தை 'இரண்டும்' என்று நானே குறித்துவிட்டேன். இரண்டு முதல் பதினொன்று வரையான பாடங்கள் ஒரே கட்டாக இத்துடன் வருகின்றன.

இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். சிறையிலிருந்து படித்தவர்கள் உண்டு. தண்டனை குறையும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள், குறையவில்லை. பெண் பார்க்கப்போன இடத்தில் கேட்டதற்காகப் படித்தவர் உண்டு. கல்லறை இடத்துக்காகப் படிக்கிறவர் நீங்கள்தான் முதல். வேதத்தை ஓர் இடத்துக்காகப் படிக்கக் கூடாது என்று சொல்வது என் கடமை. சொல்லிவிட்டேன்.

அவசரம் என்கிறீர்கள். அப்படியானால் வசனத்தை மட்டும் எழுதி அனுப்புங்கள். பதினைந்து நிமிஷத்தில் ஒரு பாடம் முடியும். முழு வேதத்தையும் படித்துக்கொண்டிருந்தால் உங்கள் நண்பர் முந்திவிடுவார்.

த. லாசர்


நாகலூர்
20.09.2023

லாசர் ஐயாவுக்கு,

வணக்கம். ஒன்பது, பத்து, பதினொன்றாம் பாட விடைகள் இத்துடன். மழையால் பஸ் வராமல் தபால் இரண்டு நாள் தாமதம்.

வசனத்தை மட்டும் எழுத முடியவில்லை. பழக்கம் அப்படி. ஒரு பெயரை வாசித்தால் அந்த ஆள் நேற்று வந்தானா, நாளைக்கு வருவானா என்று புரட்டிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. ஆதியாகமத்தில் தொடங்கி ஒரு பக்கம் விடாமல் படிக்கிறேன். இப்போது நாளாகமத்தில் இருக்கிறேன். ஒன்பது அதிகாரம் வெறும் பெயர்கள். உங்கள் ஆட்கள் இதைத் தாண்டிப் போவார்கள் என்று போதகர் சொன்னார். எனக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

இதில் அறுபத்தாறு புத்தகம் என்கிறார்கள். நான் படித்த அளவில் இது ஒரே புத்தகம்தான், ஒரே விஷயந்தான். ஆபிரகாமுக்கு ஒரு நாட்டையே தருவதாக வாக்கு. ஆனால் அவர் கைக்கு வந்த முதல் மண் எது? மனைவி சாராளைப் புதைக்க ஒரு குகை. அதையும் யார் கொடுத்தது? ஏத்தின் புத்திரர். அவருடைய கடவுளைத் தெரியாதவர்கள். எங்கள் கல்லறைகளில் நல்லதாக ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். எந்தப் பாடத்தில் இருக்கிறீர்கள் என்று அவரைக் கேட்கவில்லை.

அப்புறம் அந்தக் குகையிலேயே அவர், ஈசாக்கு, ரெபெக்காள், லேயாள். யாக்கோபு எகிப்தில் சாகிறார். பிள்ளைகள் அத்தனை தூரம் தூக்கிக்கொண்டு வந்து அங்கே வைக்கிறார்கள். காலமெல்லாம் ராகேலை விரும்பிய மனுஷன். அவளோ வழியில் எங்கோ கிடக்கிறாள். இவர் போய்ப் படுத்தது விரும்பாமல் கட்டிய லேயாளுக்குப் பக்கத்தில். இடம் அங்கேதான் இருந்தது. அவர் மகன் யோசேப்பு எகிப்திலிருந்து தன் எலும்பைக் கொண்டுபோகச் சத்தியம் வாங்குகிறார். யாத்திராகமத்தில் அந்த எலும்பு கிளம்புகிறது. யோசுவாவின் கடைசிப் பக்கத்தில் போய்ச் சேருகிறது. நடுவில் நாற்பது வருஷம் வனாந்தரத்தில் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். பத்துக் கட்டளை பற்றி நான்கு பாடம் வைத்திருக்கிறீர்கள். அந்தப் பெட்டி பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

மோவாப்காரி ரூத் மாமியாரிடம் சொல்வது என்ன? நீ புதைக்கப்படும் இடத்தில் நானும் என்கிறாள். அவள் சொன்னது போதுமானதாக இருந்தது. சான்றிதழ் கேட்கவில்லை. முன்னால் புரட்டிப் பார்த்தேன், உங்கள் ஆண்டவருக்கும் சொந்தக் கல்லறை இல்லை. அரிமத்தியா ஊர்க்காரர் ஒருவர் தனக்கென்று வெட்டி வைத்திருந்ததை விட்டுக்கொடுத்தார்.

பெரியண்ணன் தினமும் டீக்கடைக்கு வருகிறார்.

"ஏனுங்க ரைட்டரே, எந்தப் பாடத்துல இருக்கறீங்க?"

"பதினொண்ணு."

"இன்னும் பதிமூணா? வெரசாப் படிங்க. எனக்கு மேடு ஏற முடியலீங்க."

"நீங்க கொஞ்சம் மருந்து ஒழுங்காச் சாப்பிடுங்க."

"உங்களுக்காகத்தானுங்க சாப்பிடறேன். இல்லாட்டிப் போனா எப்பவோ விட்டிருப்பேன்."

செங்கோடன்


திருச்சி
17.10.2023

அன்புள்ள செங்கோடன் அவர்களுக்கு,

பதினொன்றாம் பாடத்துக்கு நூற்றுக்கு நூறு போட்டிருக்கிறேன். இயக்குநர் கூப்பிட்டுக் கேட்டார். நிலையத்தின் வரலாற்றில் யாரும் நூறு வாங்கியதில்லை, அதிகபட்சம் தொண்ணூற்றெட்டு, தாழ்மைக்காக இரண்டு குறைப்பது வழக்கம் என்றார். தவறுதலாகப் போட்டுவிட்டேன் என்றேன். தொண்ணூற்றெட்டு ஆகிவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். என் தகப்பனார் உபதேசியார். நான் பிறந்ததிலிருந்து வேதம் வீட்டில் இருக்கிறது. ஆயிரம் வசனம் மனப்பாடமாகச் சொல்வேன். ஆனால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்ததில்லை. படித்தவர்களின் தாளைத் திருத்துவதற்கு அது தேவைப்படவில்லை. யோசேப்பின் எலும்பு யோசுவாவில் போய்ச் சேருகிறது என்று நீங்கள் எழுதியதை நான் புரட்டிப் பார்த்துத்தான் உறுதி செய்தேன்.

இப்போது வேலைக்கு வரும் பஸ்ஸில் ஆதியாகமத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன். நீங்கள் சொன்ன வழியிலேயே போகிறேன். கல்லறை கல்லறையாக. வேறு வழியில் எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

பன்னிரண்டு முதல் பதினேழு வரை ஆறு பாடங்களை ஒரே உறையில் வைத்திருக்கிறேன். பதினொன்றுக்குப் பிறகு விதிப்படி ஒன்றுதான் வைக்கலாம்.

லாசர்


நாகலூர்
24.11.2023

லாசர் ஐயாவுக்கு,

வணக்கம். போன மாதக் கடைசியில் மகள் கவிதா வந்து சேலத்துக்குக் கூட்டிப்போனாள். இருதயம் இருபத்தைந்து சதவீதம் வேலை செய்கிறது என்றார் டாக்டர். எங்கள் எஸ்டேட்டில் இருபத்தைந்து சதவீத ஆள் வந்த நாளில் வேலையை நிறுத்தி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

இறங்குகிற வழியில் கொண்டை ஊசி வளைவில் வைத்துக் கவிதா சொன்னாள்: "அப்பா, இதெல்லாம் எதுக்குப்பா? சேலத்துல கரண்டுச் சுடுகாட்டுல ஒரு மணி நேரத்துல முடிஞ்சுரும். அம்மாவுக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியும் கண்ணு" என்றேன்.

"உங்களுக்கும் அப்பத் தெரியாதுப்பா."

அதற்குப் பதிலை இதுவரை படித்த பக்கங்களில் எல்லாம் தேடினேன். பிரசங்கி என்ற புத்தகம் அவள் பக்கம் பேசுகிறது: மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள்.

பதினேழாம் பாடத்துக்கு விடை எழுத இராஜாக்களைத் திரும்பப் புரட்டும்போது ஒன்று கண்டேன். பெத்தேலில் ஒரு கிழத் தீர்க்கதரிசி இருக்கிறான். அந்த ஊரில் சாப்பிடக் கூடாது என்ற கட்டளையோடு யூதாவிலிருந்து வந்த உத்தமன் ஒருவனிடம் பொய் சொல்லி வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிறான். அதனால் அந்த உத்தமனைச் சிங்கம் அடித்துவிடுகிறது. கிழவன் அழுதுகொண்டே தன் கல்லறையில் அவனை வைக்கிறான். பிள்ளைகளிடம் சொல்கிறான், நான் செத்தால் அவன் எலும்புக்குப் பக்கத்தில் என் எலும்பை வையுங்கள் என்று. கதை அங்கே முடிந்தது என்று மூடிவிடக் கூடாது. முந்நூறு வருஷம் தள்ளி, அடுத்த புத்தகத்தில், யோசியா ராஜா கல்லறைகளைத் தோண்டி எலும்புகளை எரிக்கிறார். இந்த ஒரு கல்லறையை மட்டும் தொடாதே என்கிறார். உத்தமன் எலும்போடு சேர்ந்து பொய்யன் எலும்பும் தப்பியது.

ஐயா, இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆளைப் பார்க்கவில்லை. பக்கத்தில் யார் என்று பார்த்தார்கள்.

பெரியண்ணன் நேற்று வந்து ஒரு சேதி சொன்னார். "நான் சேலத்துக்கு மக ஊட்டுக்குப் போறனுங்க. அங்கயே இருந்துக்கறேன். அங்கயே முடிஞ்சாலும் அங்கயே வச்சுருவாங்க. நீங்க நிதானமாப் படிங்க."

"அப்படியெல்லாம் வேண்டாமுங்க."

"உங்களுக்காக இல்லீங்க. உங்க சம்சாரத்துக்குப் பக்கத்துல நான் எப்படிங்க படுக்கறது? உசுரோட இருந்தப்பவே என்னக் கண்டா மொறைக்கும். பீடி நாத்தம் ஆகாது."

ஜீப்பில் ஏற்றிவிட்டு வந்தேன். இந்தச் சபையில் வேதத்தை வாசிக்காமலே கடைப்பிடித்தவர் அவர் ஒருவர்தான்.

செங்கோடன்


திருச்சி
11.12.2023

அன்புள்ள செங்கோடன் அவர்களுக்கு,

பதினெட்டு முதல் இருபத்து நான்கு வரை ஏழு பாடங்களும் இந்த உறையில் இருக்கின்றன. யாரிடமும் சொல்ல வேண்டாம். மதிப்பெண் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

இருபத்து நான்காம் பாடம் மற்றவை போல அல்ல. கேள்விகள் இல்லை. ஒரே வாக்கியமும் அதற்குப் பக்கத்தில் ஒரு கட்டமும்தான். 'நான் விசுவாசிக்கிறேன்.' கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட வேண்டும். பேனா மட்டும் போதும். யோசிக்காதீர்கள். இதை எழுதும்போதே நீங்கள் யோசிப்பீர்கள் என்று தெரிகிறது.

லாசர்


நாகலூர்
22.01.2024

லாசர் ஐயாவுக்கு,

வணக்கம். ஆறு பாடங்களையும் எழுதிவிட்டேன். வெளிப்படுத்தின விசேஷத்தையும் முடித்துவிட்டேன். கடைசியில் சமுத்திரம்கூடத் தன்னிடம் உள்ள செத்தவர்களைத் திருப்பிக் கொடுக்கிறது. மரணமே இல்லை என்று ஆகிவிடுகிறது. கல்லறைத் தோட்டத்துக்கு வேலையில்லை. கமிட்டி அதுவரை படித்திருந்தால் கொஞ்சம் தளர்ந்திருப்பார்கள்.

இருபத்து நான்காம் பாடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கட்டம் காலியாக இருக்கிறது. பத்து நாள் அந்தத் தாளை மேசையில் வைத்திருந்தேன்.

லேட் என்ற சொல்லைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன் என்றிருந்தேன். நான் ரைட்டராகி நாலாம் வருஷம். கவிதாவுக்கு ஒரு வயது, காய்ச்சல். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அம்மணி ஓடி வந்தாள். பெயர் வாசித்து முடித்துப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. எல்லோரும் பார்க்கிறார்கள். 'லேட்டுன்னா லேட்டுதான்' என்று அவள் பெயருக்கு எதிரே ஆப்சென்ட் போட்டேன். வந்து எதிரில் நிற்கிற ஆளுக்கு. திரும்பிப் போனாள். மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் கேட்டாள்: "நான் வரலைன்னு எழுதினீங்களே, அப்ப அங்க நின்னது யாருங்க?"

வராத ஒருவனுக்கும் நான் டிக் போட்டதில்லை. என் மனைவிக்கே போடவில்லை என்பதுதான் அந்த எஸ்டேட்டில் என் மரியாதை. இப்போது எனக்கு நானே எப்படிப் போட்டுக்கொள்வது?

படித்தேன். ஒவ்வொரு பக்கமும் படித்தேன். இப்படி முன்னும் பின்னும் பிசகாமல் பொருந்துகிற ஒரு புத்தகத்தை நான் பார்த்ததில்லை. யாரோ ஒருவர் முழுப் பதிவேட்டையும் கையில் வைத்துக்கொண்டு எழுதியது போல இருக்கிறது. ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்கிற இடத்தில் போய் நான் நிற்கவில்லை. கேட் வரைக்கும் போயிருக்கிறேன். பாட்டு கேட்கிறது. அவ்வளவுதான்.

விதிப்படி செய்யவும்.

செங்கோடன்


திருச்சி
14.02.2024

அன்புள்ள செங்கோடன் அவர்களுக்கு,

சான்றிதழ் இத்துடன் இருக்கிறது. பதிவு எண் 11,406. முத்திரையும் இயக்குநர் கையெழுத்தும் உண்டு. மடிக்காமல் அட்டை வைத்து அனுப்பியிருக்கிறேன்.

கட்டத்தில் நான் டிக் போட்டேன். உங்கள் பேனா நீலம், என்னுடையதும் நீலம். இருபத்திரண்டு வருஷமாகச் சிவப்புப் பேனாவால் எழுதுகிறவன் அன்றைக்குக் கடைக்குப் போய் நீலம் வாங்கினேன்.

நீங்கள் கோபப்படுவீர்கள். பெத்தேலின் கிழவனை எனக்குக் காட்டியது நீங்கள். அவன் பொய் சொன்னான். அவனால் ஓர் உத்தமன் கெட்டான். இருந்தும் அவன் எலும்பு தப்பியது என்று எழுதினீர்கள். யார் உத்தமன், யார் பொய்யன் என்று நம் இருவருக்கும் தெரியும். சிங்கம் வந்தால் என்னிடம் வரட்டும்.

அன்றைக்கு அம்மாள் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. வந்து நின்ற ஆளுக்கு ஆப்சென்ட் போட்டது தப்பென்றால், வராத ஆளுக்கு ஒரு டிக் போட்டு அதைச் சரிசெய்யலாம். வேதம் இப்படிச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

சீக்கிரம் போதகரிடம் கொடுங்கள்.

லாசர்


நாகலூர்
18.03.2024

லாசர் ஐயாவுக்கு,

வணக்கம். உங்கள் சான்றிதழ் வந்து ஒன்பது நாள் டிரங்குப் பெட்டியில் இருந்தது. திருப்பி அனுப்ப உறையும் எழுதினேன். பத்தாம் நாள் அதை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு போதகர் வீட்டுக்குப் போனேன். ஆம், போனேன். முப்பத்தாறு வருஷம் கட்டிக்காத்ததை அரை கிலோமீட்டர் நடந்துபோய்க் கொடுத்துவிட்டேன். மூச்சு வாங்கியதால் நாலு இடத்தில் நின்றேன். நாலு இடத்திலும் திரும்பியிருக்கலாம்.

போதகர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியது, அதுதான் கஷ்டமாக இருந்தது. மார்ச் பத்து, ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் என்று குறித்தார்கள். டாக்டர் சொன்னதால் வெந்நீர் கலந்து வைப்பதாகவும் கமிட்டி ஒத்துக்கொண்டது.

ஆறாம் தேதி புதன்கிழமை பெரியண்ணன் சேலத்தில் இறந்துபோனார்.

அங்கேயே வைத்துவிடுங்கள் என்று அவர் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். தங்களுக்குச் சிரமம் வேண்டாமென்று அப்பா அப்படிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆம்புலன்ஸ் பிடித்து இருபது வளைவும் ஏறிக் கொண்டுவந்துவிட்டார்கள். சின்னவன் சதீஷ் என்னிடம் வந்து சொன்னான்: "அப்பாவுக்கு நாப்பது வருஷமா இந்தச் சபைதானுங்க. அவரு வாயத் தொறந்து கேக்க மாட்டாரு. நாமளாப் பார்த்துச் செய்யணுமில்லீங்க? அம்மணியக்கா பக்கத்துலயே இடம் கெடச்சுருச்சு. அக்காவும் நொம்ப நல்லவங்க."

நல்ல காரியம் சாமி என்றேன். வேறென்ன சொல்ல? யாக்கோபின் பிள்ளைகள் செய்ததைத்தான் அவர்கள் செய்தார்கள். படிக்காமலே செய்தார்கள். அந்த அதிகாரத்துக்கு எனக்குத் தொண்ணூற்றெட்டு போட்டிருந்தீர்கள்.

வியாழக்கிழமை அடக்கம். நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

முடிந்தபின் போதகர் பக்கத்தில் வந்தார். "ஐயா, ஞாயித்துக்கெழம வந்துருவீங்கல்ல?"

"எதுக்குங்க?"

மலையடிவாரத்தில் சபைக்குப் புது இடம் வாங்குகிறார்கள், வருங்கால உறுப்பினர்களுக்குத் தாராளமாக இருக்கும் என்றார். இங்கிருந்து முப்பது கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை. வெந்நீர் வீணாகியிருக்கும்.

ஐயா, என்னிடம் இப்போது டிக்கும் இல்லை, இடமும் இல்லை. ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கியிருந்தால் ஒரு நியாயம் இருந்திருக்கும். உங்கள் பதிவேட்டில் 11,406க்கு எதிரே உள்ளதை அடித்துவிடுங்கள். அதையாவது திரும்பப் பெறுகிறேன்.

செங்கோடன்


திருச்சி
22.04.2024

அன்புள்ள செங்கோடன் அவர்களுக்கு,

என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு மாதம் ஓடிவிட்டது. ஆறுதல் வசனங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன. உங்களுக்கு அனுப்பினால் முன்னும் பின்னும் படித்துவிடுவீர்கள்.

பதிவை அடிக்க முடியவில்லை. ஜனவரியிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள். சேர்க்க வழி இருக்கிறது, நீக்க வழி இல்லை. இயக்குநரிடம் போய் டிக் போட்டது நான் என்று சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, ஆண்டறிக்கை அச்சுக்குப் போய்விட்டது என்றார். அதில் ஏழாம் பக்கத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். சேர்க்கைப் படிவத்தில் ஒட்டிய புகைப்படம். 'சேர்வராயன் மலையில் இவ்வாண்டு ஓர் ஆத்துமா.' கீழே, முழு வேதத்தையும் படித்துச் சமாதானமும் நித்திய ஜீவனும் கண்டதாக நீங்கள் சொல்கிறீர்கள். அந்த வாக்கியம் நான் முதல் பாடத்தில் குறித்ததிலிருந்து எடுத்தது.

அடுத்த மாதத்தோடு அஞ்சல் பாடம் நிற்கிறது. எல்லாம் செல்போனில் வரப்போகிறது. விடையை அதுவே திருத்திக்கொள்ளும். கூடுதல் தாள் சேர்க்க முடியாது. எனக்கு மே முப்பத்தொன்றுடன் வேலை முடிகிறது.

நான் எரேமியா வரைக்கும் வந்திருந்தேன். உங்கள் மார்ச் கடிதத்துக்குப் பிறகு திறக்கவில்லை. நீங்கள் தொடர்ந்து படிக்கிறீர்களா? ஆம் என்று எழுதினால் நானும் மறுபடி தொடங்குவேன்.

லாசர்


நாகலூர்
10.06.2024

லாசர் ஐயாவுக்கு,

வணக்கம். நிலையத்துக்குப் போடும் கடிதம் உங்கள் கைக்கு வருமா என்று தெரியவில்லை. வீட்டு விலாசம் நீங்கள் எழுதியதில்லை.

கேட்டதற்குப் பதில். கோடை மழை விட்டபின் மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். ஆபிரகாம் வரைக்கும்தான் போக முடிந்தது. குகையை வாங்குகிறார். சரி, வாங்கட்டும் என்று தோன்றியது. அந்த எலும்புப் பெட்டி எங்கே போனால் எனக்கென்ன? போன வருஷம் ஒரே புத்தகமாக இருந்தது இப்போது அறுபத்தாறாக இருக்கிறது. நீங்கள் அனுப்பிய கேள்வித்தாள்கள்தான் சரி போலிருக்கிறது, ஒரு கேள்விக்கு ஒரு வசனம். புத்தகத்தில் ஓர் எழுத்து மாறவில்லை. கோத்து வைத்திருந்தது நான்தான், என் தேவைக்கு. ஆகவே நீங்களும் தொடங்க வேண்டாம்.

ஒன்று மட்டும் நிற்கவில்லை. காலையில் ஏழு மணிக்குக் கல்லறைத் தோட்டம் வரைக்கும் நடக்கிறேன். சனி, ஞாயிறு தவிர மற்ற நாளில் கேட் பூட்டு. காட்டெருமை இடித்த மூலையில் மதில் தாழ்வாக இருக்கிறது. அங்கே நின்று கல்லில் உள்ள பெயர்களை முதல் வரிசையிலிருந்து வாசிக்கிறேன், எஸ்டேட்டில் வாசித்த மாதிரி. அறுபத்து மூன்று பேர். பெரியண்ணனுக்கு இன்னும் கல் வைக்கவில்லை, பலகையில் பெயர் எழுதிக் குத்தியிருக்கிறார்கள். அவரையும் சேர்த்து அறுபத்து நான்கு.

எல்லோரும் வந்திருக்கிறார்கள். வராத ஆள் ஒருவன்தான். அவனுக்கு டிக் போட்டிருக்கிறது.

செங்கோடன்